ஒளி வாளை அடக்கும் மந்திரம் எது?

சேலத்துக்கும் வாள் சண்டைக்கும் பழைய உறவு உண்டு. 1935-ல் டி.ஆர்.சுந்தரம் இங்கே மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1951-ல் வந்த அதன் "சர்வாதிகாரி"யில் எம்.ஜி.ஆர். வாள் சுழற்றினார். கொட்டகையில் விசில் பறந்தது!

இன்று ஃபேர்லேண்ட்ஸ் பிள்ளைகளுக்கு இரும்பு வாள் பழசாகிவிட்டது. அவர்கள் கேட்பது ஒளி வாள். 1977-ல் வந்த "ஸ்டார் வார்ஸ்" என்ற அமெரிக்கப் படத்தின் வாள் அது. கைப்பிடி மட்டும்தான் இருக்கும். விசையைத் தட்டினால் மூன்று அடிக்கு ஒளி பாயும். எதையும் அறுக்கும்!

நடக்கிற காரியமா?

வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு டார்ச் லைட்டுகளை எடுங்கள். ஒரு வெளிச்சத்தின் குறுக்கே இன்னொன்றை அடியுங்கள். மோதுகிறதா? இல்லை. ஒன்றை ஒன்று கடந்து போகிறது. மூன்று அடியில் நிற்கிறதா? அதுவும் இல்லை. சுவர் வரை ஓடுகிறது.

விஞ்ஞானம் கைவிட்டால் என்ன? நம் மகாபாரதம் இருக்கிறதே! அதன் அஸ்திர விதிகளை இந்த வாளுக்கு வைத்துப் பார்ப்போம்.

புல்லும் ஆயுதமே!

அசுவத்தாமன் கையில் அன்று வில் இல்லை. ஒரு புல்லைக் கிள்ளி மந்திரம் சொன்னான். அது பிரம்மாஸ்திரம் ஆயிற்று. ஆகவே கைப்பிடி வெறும் புல். சக்தி மந்திரத்தில் இருக்கிறது.

வாள் ஏன் மூன்று அடியில் நிற்கிறது? மந்திரம் சொன்னவன் வைத்த எல்லை அது. இரண்டு வாள்கள் ஏன் மோதுகின்றன? அக்கினி அஸ்திரத்தை வருணாஸ்திரம் தடுப்பதுபோல, ஒரு மந்திரத்தை இன்னொன்று தடுக்கிறது. கணக்கு சரியாக வருகிறது அல்லவா?

கர்ணனுக்குச் சாபம் இருந்தது. ஆபத்து வேளையில் மந்திரம் மறந்தது. அவன் கையில் இந்த வாள் இருந்தால் நடுச் சண்டையில் அணைந்து போயிருக்கும்!

எது உயர்ந்தது?

என்னைக் கேட்டால், அஸ்திர விதிதான் உயர்ந்தது. சினிமா வாளின் விசையை யார் தட்டினாலும் எரியும். அஸ்திரத்துக்கோ குரு வேண்டும், பயிற்சி வேண்டும்.

"அசுவத்தாமனும் குருவிடம் கற்றவன்தானே?" என்று கேட்பீர்கள். உண்மை. துரோணரே அவன் தந்தை, அவரே குரு. ஆனால் ஏவத் தெரிந்தவனுக்குத் திரும்பப் பெறத் தெரியவில்லை. எதிரே அர்ஜுனனும் அஸ்திரம் விட்டான். வியாசரும் நாரதரும் நடுவே வந்து தடுத்தார்கள். அர்ஜுனன் தன் அஸ்திரத்தை அடக்கினான். அசுவத்தாமனால் முடியவில்லை. அது உத்தரையின் வயிற்றில் இருந்த சிசுவைத் தாக்கியது! கண்ணன்தான் அந்தக் குழந்தையைப் பிழைக்க வைத்தான். அவனே பரீட்சித்து.

கதை மட்டும் அல்ல

ஒளி ஆயுதம் இப்போது நிஜமாகிவிட்டது. லேசர் பிறந்தது 1960-ல். 2025 ஏப்ரலில் கர்நூலில் நம் ராணுவ விஞ்ஞானிகள் 30 கிலோவாட் லேசர் ஆயுதத்தைச் சோதித்தார்கள். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் முப்பதை ஒரே புள்ளியில் குவித்ததற்குச் சமமான சக்தி! பறந்து வந்த ஆளில்லா விமானத்தை அது வீழ்த்தியது. நாட்டின் காவலுக்கு இது தேவைதான்.

ஆனால் ஒளி நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. விட்ட பிறகு அதைத் திரும்ப அழைக்க எந்த மந்திரமும் இல்லை. அடக்கம், விசையைத் தொடும் முன்பே மனத்தில் இருக்க வேண்டும்.

பெற்றோர்களே! பிள்ளை ஒளி வாள் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். கூடவே அசுவத்தாமன் கதையையும் சொல்லுங்கள். பொம்மையின் பாட்டரி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். கதை ஆயுள் முழுவதும் கூட வரும்.