கேரக்டர் சரியில்லாத லென்ஸ்

'பையன் கேரக்டர் சரியில்லை' என்று காதோடு ஒரு வார்த்தை போட்டால் போதும், நம் ஊரில் நிச்சயதார்த்தமே நின்றுவிடும். லென்ஸ் விஷயத்தில் தலைகீழ். கொஞ்சம் கோணல் இருந்தால்தான் கிராக்கி. 'புது லென்ஸ் ஷார்ப்பா இருக்கு சார், ஆனா கேரக்டர் இல்லை' என்று உதடு பிதுக்குகிற இளைஞர்கள் பெருகிவிட்டார்கள்.

அதென்ன கேரக்டர்? சுருக்கமாகச் சொன்னால், பழைய டிசைனர்கள் திருத்த முடியாமல் விட்ட தப்புகள்.

உதாரணம், ஹீலியாஸ் 44. 58 எம்.எம்., எஃப்/2. சோவியத் சரக்கு. மூலம், ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் கம்பெனி 1930களில் கொண்டுவந்த பயோட்டார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் ரஷ்யர்கள் அந்த டிசைனை எடுத்துக்கொண்டு, மாஸ்கோ பக்கத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். ஜெனித் கேமராக்களோடு லட்சக்கணக்கில் விற்றது. ஓர் அடாப்டர் வளையம் இருந்தால் இன்றைய மிரர்லெஸ் கேமராவிலும் மாட்டலாம். ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. கையால்தான் திருக வேண்டும்.

அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, மரத்துக்கு முன்னால் ஆளை நிறுத்தி எடுத்தால், பின்னால் இருக்கும் இலைகள் குடை ராட்டினம் போல் சுழலும். காரணம் இரண்டு. ஓரத்தில் சாய்ந்து வரும் ஒளி ஒரே புள்ளியில் கூடுவதில்லை. குறுக்குக்கோடு ஓரிடத்திலும் நெடுக்குக்கோடு வேறிடத்திலும் ஃபோகஸ் ஆகும். தவிர, அந்தச் சாய்ந்த ஒளியை லென்ஸின் விளிம்பு வெட்டிவிடும். நடுவில் வட்டமாக விழும் ஒளிப்பொட்டு, ஓரத்தில் பாதாம் பருப்பு மாதிரி ஆகிவிடும். இந்தப் பாதாம்கள் நடுவைச் சுற்றி வரிசை கட்டி நிற்பதுதான் சுழல்.

அடுத்தது, வெளுப்பு. மேல்பூச்சு இல்லாத கண்ணாடி, ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவிகித வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பயோட்டார் வகையில் 6 கண்ணாடிகள், 4 குழு, காற்றைத் தொடும் பரப்பு 8. பெருக்கிப் பாருங்கள், 28 சதவிகிதம் காலி. அதில் ஒரு பகுதி உள்ளேயே முட்டி மோதி, படத்தின் மேல் பனிமூட்டமாக விழும். கறுப்பு சாம்பலாகும். 1935-ல் ஸைஸின் ஸ்மகுலா மெல்லிய பூச்சு ஒன்றைக் கண்டுபிடித்தது இதற்குத்தான். ஹீலியாஸுக்கும் பூச்சு உண்டு, ஆனால் ஆரம்பகால மாடல்களில் இன்றையது போல் பல அடுக்கு அல்ல.

பூச்சு முன்னேறியதும் டிசைனர்களுக்குத் தைரியம் வந்தது. நிக்கான் 2018-ல் இஸட் வரிசையில் கொண்டுவந்த 50 எம்.எம். எஃப்/1.8-ல் 12 கண்ணாடிகள், 9 குழு. பூச்சு இல்லாவிட்டால் பாதிக்கு மேல் வெளிச்சம் வழியிலேயே உயிரை விட்டிருக்கும். அந்தக் காலத்தில் பென்சிலும் லாகரிதம் டேபிளுமாக மாதக்கணக்கில் போட்ட கணக்கைக் கம்ப்யூட்டர் நொடியில் போடுகிறது. தப்புகள் மூலை வரைக்கும் துடைக்கப்பட்டுவிட்டன.

சரி, எது உசத்தி? ஆபீஸ் தம்பி ஒருவனின் பாட்டியை, வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் உட்காரவைத்து இரண்டிலும் எடுத்தோம். இரண்டுமே எஃப்/2.

புது லென்ஸ் படத்தைப் பார்த்ததும் பாட்டி, "ஏண்டா, நான் இவ்ளோ கிழவியாவா இருக்கேன்?" என்றாள். ஹீலியாஸ் படத்தில் முருங்கை இலைகள் சுழல, முகத்தில் ஒரு மெல்லிய பளபளப்பு. சுருக்கங்கள் பாதி மன்னிக்கப்பட்டிருந்தன. "இதான் நான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பேரன் எடுத்துக்கொண்டது மற்றதை. "கன்னத்துல அந்தச் சின்னத் தழும்பு பழைய லென்ஸ்ல மங்கிப் போச்சு சார். நான் கேட்டேன்னு முறுக்கு சுடறப்ப எண்ணெய் தெறிச்சது அது."

எனக்கு இருவரும் சொன்னது சரியென்றே படுகிறது. பழைய லென்ஸ், ஆள் தன்னை எப்படி நினைத்துக்கொள்கிறாரோ அப்படிக் காட்டும். புதுசு, நாளைக்கு நாம் தேடப்போவதைப் பத்திரப்படுத்தும். எந்த லென்ஸ் என்று கேட்பதற்கு முன்னால், படம் யாருக்கு என்று கேட்டுக்கொள்வது உத்தமம்.

ஹீலியாஸ் வாங்குகிறவர்களுக்கு இரண்டு யோசனை. எஃப்/8-க்கு மூடினால் கேரக்டர் பெரும்பாலும் ஓடிப்போய், பழசும் புதுசும் பங்காளிகள் போல் ஆகிவிடும். வேண்டியது சுழல் என்றால் முழுசாகத் திறந்து, ஆளை நடுவில் வையுங்கள்.

கல்யாண குரூப் போட்டோவுக்கு மட்டும் வேண்டாம். ஓரத்தில் நிற்கிற மாமா மங்கிவிடுவார். பத்திரிகையில் பேர் போடவில்லை என்று ஏற்கெனவே கோபமாக இருப்பவர் அவர்.