ஒயர் ஒயர்தானா?

பொன்னேரிக் கடைத்தெருவில் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில் கண்டதைச் சொல்கிறேன். பழவேற்காட்டு ஏரியோரக் குப்பம் ஒன்றிலிருந்து வந்த பழைய வால்வு ஆம்ப்ளிபயர். திருவிழாதோறும் குழாய் ஸ்பீக்கரில் முழங்கிய பெட்டி. அதன் குரலைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைக்க ஆசைப்பட்ட ஒரு தம்பி, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அந்த ஒயரையே நேராகக் கம்ப்யூட்டரில் செருகப் போனான். கேட்டால், "ஒயர் ஒயர்தானே, சார்!" என்கிறான்.

இல்லை, ஐயா! டிரான்சிஸ்டர் பெட்டிக்கு ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் கேடில்லை. வால்வுப் பெட்டி வேறு ரகம். சுமையில்லாமல் அது பாடினால், அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் எழும் மின்னழுத்தம் சுருளையே பொசுக்கிவிடக்கூடும். சுமை இருந்தாலும், 20 வாட் பெட்டி 8 ஓம் ஸ்பீக்கருக்கு 12 வோல்ட்டுக்குமேல் தரும். 100 வோல்ட் தருகிற மைக்செட் பெட்டிகளும் உண்டு. கம்ப்யூட்டரின் லைன் வாசல் தாங்குவதோ ஓரிரண்டு வோல்ட்!

பழசைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள், பழசின் இயல்பைக் கற்கமாட்டோம் என்பது என்ன நியாயம்? ஸ்பீக்கர் இருந்தபடி இருக்கட்டும். இல்லையேல் அதே ஓம் அளவில், பெட்டியின் வாட்டைப்போல் இருமடங்கு தாங்கும் ரெசிஸ்டரை மாட்டுங்கள். அங்கிருந்து ஒரு வோல்ட்டுக்குள் வரும்படி ரெசிஸ்டர்களால் குறைத்து, இடையே ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுங்கள். பெட்டிக்குள் கைவிடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் 300, 400 வோல்ட் பதுங்கியிருக்கலாம், அது ஆளையே கொல்லும்.

இதெல்லாம் வீண் பயம் என்பாரை ஒன்று கேட்கிறேன்: கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கலாம். அந்தக் குப்பத்துப் பெட்டி கருகினால், அந்தக் குரலை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?