நான்காம் ஆண்டின் விருப்பப் பாடங்கள்: ஒரு மருத்துவ மாணவியை முன்வைத்து

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மருத்துவம் பயிலும் என் அக்கா மகள் சென்ற ஆண்டு ஒரு நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்தாள். அறுவைச் சிகிச்சைத் துறையில் ரெசிடென்சி பெற வேண்டும் என்பது அவள் ஆசை. இறுதியாண்டில் எந்தெந்த விருப்பப் பாடங்களை எடுப்பது என்று ஒரு பட்டியல் வைத்திருந்தாள். "நீங்க சொல்லுங்க மாமா" என்றாள். தமிழ் கற்பிப்பவனிடம் கேட்கும் கேள்வியா இது என்று சிரித்தேன். "தெரிஞ்சவங்க எல்லாரும் ஒரே பதிலைச் சொல்றாங்க. தெரியாத ஒருத்தர் என்ன சொல்வாங்கன்னு பார்க்கணும்" என்றாள். அந்தத் தகுதியில் எழுதப்படுவதே இக்கட்டுரை. மருத்துவ நண்பர்கள் பிழை கண்டால் பொறுத்துத் திருத்துவார்களாக.

அந்நாட்டு முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இளங்கலைப் பட்டம் பெற்றபின் மருத்துவக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள். மூன்றாம் ஆண்டில் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தைநலம், மனநலம் என்று எல்லாப் பிரிவுகளையும் எல்லோரும் சுற்றிவந்தாக வேண்டும். நான்காம் ஆண்டின் பெரும்பகுதி மாணவரின் விருப்பத்துக்கு விடப்படுகிறது. இரண்டு வாரம் அல்லது நான்கு வாரம் என்று துண்டு துண்டாக. செப்டம்பர் மாத இறுதிக்குள் ரெசிடென்சிக்கு விண்ணப்பம், குளிர்காலம் முழுவதும் நேர்காணல்கள், மார்ச் மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை முடிவு. மாணவர் தமக்குப் பிடித்த மருத்துவமனைகளை வரிசைப்படுத்தித் தர, மருத்துவமனைகள் தமக்குப் பிடித்த மாணவரை வரிசைப்படுத்தித் தர, ஒரு கணிப்பொறி இரண்டையும் இணைத்து ஜோடி சேர்க்கும். 1952 முதல் நடந்துவரும் சுயம்வரம் இது. இத்தகைய பொருத்தக் கணக்கின் கோட்பாட்டுக்கும் நடைமுறைக்கும் உழைத்ததற்காகத்தான் லாயிட் ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நம்மூர் ஜோசியர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்காதீர்கள்.

இந்தச் சுயம்வரத்தில் மாலை விழ என்ன வேண்டும்? முன்பு ஸ்டெப் 1 என்னும் தேர்வின் மதிப்பெண் முக்கியமாக இருந்தது. 2022 ஜனவரி முதல் அத்தேர்வுக்கு மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி அல்லது தோல்வி, அவ்வளவே. ஆகவே பெரிய மருத்துவர்கள் கண்முன் நின்று உழைத்து, அவர்களிடம் பரிந்துரைக் கடிதம் பெறுவதன் கனம் கூடிவிட்டது. அதற்கான இடம் சப்-இன்டர்ன்ஷிப். பெயரளவில் மாணவர், வேலையளவில் முதலாண்டு மருத்துவர். விடிவதற்கு முன்பே வார்டுக்குப் போய், இரவு எவ்வளவு சிறுநீர் கழிந்தது, வடிகுழாயில் என்ன நிறம், காய்ச்சல் உண்டா என்று தம் நோயாளிகளின் எண்களைத் திரட்டி, பேராசிரியர் வருகையில் தடுமாறாமல் ஒப்பிக்க வேண்டும். பின்பு அறுவை அரங்கில் மணிக்கணக்காக விரிப்பானைப் பிடித்து நிற்க வேண்டும். கடைசியில், இரக்கப்பட்டு, தோலைத் தைக்கும் வாய்ப்பைக் கொடுப்பார்கள். ஊருக்கு வந்திருந்தபோது எங்கள் வீட்டு மர அலமாரிக் கைப்பிடியில் கறுப்பு நூலால் நூற்றுக்கணக்கான முடிச்சுகளைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள் அவள். என் மனைவி இன்னமும் அவற்றை அவிழ்க்கவில்லை. (பதிற்றுப்பத்தில், போர்ப்புண்ணைத் தைக்கும் வெள்ளூசி குளத்தில் மூழ்கி மீன் கொண்டெழும் மீன்கொத்தியைப் போல் போய் வருகிறது என்னும் பொருளில் ஓர் உவமை உண்டு. அவளிடம் சொன்னேன். அந்த நிமிடத்துக்கு மட்டும் என் படிப்பின்மேல் அவளுக்கு மரியாதை வந்தது.)

அவள் பட்டியல் இப்படி இருந்தது: தன் கல்லூரியில் அறுவைச் சப்-இன்டர்ன்ஷிப், வேறொரு நகரத்தில் இன்னொன்று, விபத்து அறுவை, இரத்தக்குழாய் அறுவை, உறுப்பு மாற்று அறுவை, குழந்தைகள் அறுவை, அறுவைத் தீவிர சிகிச்சைப் பிரிவு. எல்லாம் அறுவை. மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் இவளுக்கு வேறு நினைப்பே இல்லை என்று மகிழ்வார்கள்.

என் எண்ணம் வேறு. முதல் இரண்டும் தவிர்க்க முடியாதவை. கடிதம் அங்கேதான் கிடைக்கும். அறுவை வாழ்க்கை தனக்கு ஒத்துவருமா என்று தெரிவதும் அங்கேதான். தீவிர சிகிச்சையும் இருக்கட்டும். மற்றவற்றை ஏன் இப்போதே எடுக்க வேண்டும்? பொது அறுவையில் ரெசிடென்சி ஐந்து ஆண்டுகள். 2003இல் கட்டுப்பாடு வந்த பிறகும் வாரத்துக்குச் சராசரியாக 80 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். இரத்தக்குழாயும் விபத்தும் அந்த ஐந்தாண்டில் வேண்டாமென்றாலும் வந்து சேரும். வராதவை எவையோ அவற்றையல்லவா இந்த ஓராண்டில் தேட வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. முதலாண்டு ரெசிடென்டை இரவில் அழைப்பது பெரும்பாலும் கத்தி பிடிக்க அன்று. மூச்சு வாங்குகிறது, சிறுநீர் இறங்கவில்லை, பொட்டாசியம் ஏறிவிட்டது, கிழவர் குழம்பிப்போய் ஊசிக் குழாயைப் பிடுங்கிவிட்டார் என்றுதான் அழைப்பார்கள். இதற்கு மயக்கவியலில் இரண்டு வாரம் இருந்தவள் பிழைத்துக்கொள்வாள். அறுவை மேசையின் தலைமாட்டில் கட்டிய திரைக்கு இரண்டு பக்கங்கள். ஒரு பக்கம் வெட்டுகிறார்கள். மறுபக்கம் அந்த வெட்டு என்ன செய்கிறது என்று இரத்த அழுத்தத்தின் எண்ணில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூச்சுக்குழாயைத் திறந்துவைக்கும் வித்தை அந்தப் பக்கத்தில் இருக்கிறது. வாழ்நாளெல்லாம் முதல் பக்கத்தில் நிற்கப்போகிறவள் ஒருமுறையாவது மறுபக்கம் போய் நிற்க வேண்டாமா? கதிரியக்கப் பிரிவும் அப்படியே. பிறர் எழுதித் தந்த அறிக்கையைப் படிப்பதற்கும் சிடி படத்தைத் தானே படிப்பதற்கும் உள்ள வேறுபாடு, உரையைப் படிப்பதற்கும் மூலத்தைப் படிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான்.

நான் மிகவும் வற்புறுத்தியது நோய்த்தணிப்புச் சிகிச்சையை. அதற்குக் காரணம் உண்டு.

2011இல் என் தாயாருக்கு, அவளுடைய அம்மாச்சிக்கு, வயிற்றில் அறுவை நடந்தது. கைராசிக்காரர் என்று ஊரே புகழ்ந்த மருத்துவர். இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். நாற்பது நிமிடத்தில் வெளியே வந்தார். நடைவழியில் நடந்துகொண்டே, "உள்ளே பரவிடுச்சு, மூடிட்டோம். ஸிஸ்டர் சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு மின்தூக்கிக்குள் போய்விட்டார். ஸிஸ்டர் மருந்துச் சீட்டைத் தந்தார். அதன்பின் அம்மா பதினொரு வாரம் இருந்தார். அந்தப் பதினொரு வாரத்தில் மூன்று மருத்துவமனைகளுக்கு அவரை அலைக்கழித்தோம். என்ன கேட்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. வலிக்கு மருந்து உண்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதைக் கடைசி வாரத்தில்தான் வேறொருவர் சொன்னார். அந்த மருத்துவரின் கையில் குற்றம் இல்லை. வெட்டியதும் சரி, மூடியதும் சரி. அவருக்கு யாரும் அந்த நாற்பத்தோராம் நிமிடத்தைக் கற்பிக்கவில்லை.

குலசேகர ஆழ்வார், மருத்துவன் அறுத்தாலும் சுட்டாலும் அவன்மேல் அன்பு மாறாத நோயாளியைத் தமக்கு உவமையாக்கிக்கொண்டார். பக்திக்கு இதைவிடப் பெரிய உவமை அவருக்குக் கிடைக்கவில்லை போலும். பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், அந்த அன்பைப் பெறுகிற மருத்துவன் பதிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குள் ஒரு கேள்வி எழும். பாசுரத்தில் அதற்கு விடை கிடையாது. அது இறைவனிடம் கேட்பது.

நோய்த்தணிப்பு என்பது கத்திக்கு அப்பாற்பட்டவர்கள் கண்டுபிடித்த மென்மையான துறை என்று அறுவைக்காரர்கள் எண்ணக்கூடும். அத்துறைக்கு 'பேலியேட்டிவ் கேர்' என்று பெயர் சூட்டிய பால்ஃபோர் மவுண்ட் ஓர் அறுவை மருத்துவர். சிறுநீரகத்துறைப் புற்றுநோய்களை அறுத்தவர். 1975இல் மாண்ட்ரியல் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் அதற்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். அமெரிக்காவில் 2006இல் அது தனி உட்பிரிவாக அங்கீகாரம் பெற்றபோது, அதற்குக் கைகோத்த வாரியங்களில் அறுவைச் சிகிச்சை வாரியமும் ஒன்று. பாஸ்டனில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய அதுல் கவாண்டே 2014இல் 'பீயிங் மார்ட்டல்' என்றொரு நூல் முழுவதும் எழுதியது இந்த உரையாடல்களைப் பற்றித்தான்.

தொழில்பற்று காரணமாக இன்னொன்றும் சொன்னேன்: இலக்கியம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹெர்ஷி மருத்துவக் கல்லூரி 1972லேயே ஜோஆன் டிரவுட்மன் என்ற இலக்கியப் பேராசிரியரை நியமித்தது. அங்கேயே மைக்கேல் கிரீன் என்ற மருத்துவர் 2009 முதல் நான்காம் ஆண்டு மாணவர்களுக்குப் படக்கதைகளை ஒரு விருப்பப் பாடமாக நடத்தினார். கதை படித்தால் நல்லவராகிவிடுவார்கள் என்று நான் சொல்லமாட்டேன். இருபது ஆண்டுகளாக இலக்கியத் துறைகளில் இருக்கிறேன். எங்களை எனக்குத் தெரியும். நோயாளி தன் கதையை முன்பின்னாகத்தான் சொல்வார். அதை "62 வயது ஆண், மூன்று நாளாக வயிற்றுவலி" என்று வரிசைப்படுத்தும்போது எது உதிர்கிறது என்று கவனிக்கப் பழகலாம், அவ்வளவே.

அக்காவுக்குக் கோபம். "அவ மேட்ச் ஆகலைன்னா நீயா வந்து கடனைக் கட்டுவே?" என்றார். நியாயமான கேள்வி. இடம் கிடைக்காவிட்டால் ஓராண்டு போகும். கல்விக் கடனின் வட்டி ஏறும். இழப்பில் பங்கில்லாதவன் தாராளமாக யோசனை சொல்வது எளிது. ஆனால் கடிதங்களுக்கான மாதங்கள் செப்டம்பரோடு முடிந்துவிடுகின்றன. நேர்காணல் முடிந்தபின் மே மாதம் வரை கிடப்பவை யாரும் எண்ணிப் பார்க்காத மாதங்கள். பலர் அவற்றை ஓய்வுக்கும் பயணத்துக்கும் வைத்துக்கொள்கிறார்களாம். நான் கேட்டது அந்த மாதங்களைத்தான்.

நம் நாட்டில் எம்பிபிஎஸ் படிப்புக்குள் விருப்பப் பாடம் என்ற ஒன்று நுழைந்ததே 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தில்தான். இங்கே மேற்படிப்புக்கு இடம் தருவது நீட் முதுநிலைத் தேர்வின் தரவரிசை. விருப்பப் பாடத்துக்கு அதில் எடை கிடையாது. எடை இல்லாததால் துணிந்து எதையும் எடுக்கலாம் என்றுதான் தோன்றும். என் பழைய மாணவர் ஒருவரின் மகன் அந்த வாரங்களிலும் கொள்குறி வினாக்களைத்தான் படித்தானாம்.

கடைசியில் அவள் எடுத்தவை: இரண்டு சப்-இன்டர்ன்ஷிப், தீவிர சிகிச்சை, மயக்கவியல், பிப்ரவரியில் நோய்த்தணிப்பு. உறுப்பு மாற்றை விட மாட்டேன் என்று பிடிவாதமாக வைத்துக்கொண்டாள். இலக்கியத்துக்கு இடமில்லை. "கதையெல்லாம் ராத்திரி படிச்சுக்கறேன் மாமா" என்றாள். பிப்ரவரியின் இரண்டாம் வாரத்தில் அழைத்தாள். அம்மாச்சியின் அறுவை நாளில் அந்த மருத்துவர் சொன்னதைச் சொல் மாறாமல் சொல்லச் சொன்னாள், சொன்னேன். "அவர் வேற எப்படிச் சொல்லியிருந்தா உங்களுக்கு உதவியா இருந்திருக்கும்?" என்று கேட்டாள். பதினான்கு பதினைந்து ஆண்டுகளாக அவர்மேல் கோபமாக இருந்தவனுக்கு அதற்குப் பதில் ஆயத்தமாக இல்லை. உட்கார்ந்து சொல்லியிருக்கலாம் என்று மட்டும் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.