கோயில் கூரையில் எரிந்த விளக்கு... ஜிபிஎஸ் காலத்தில் லைட்ஹவுஸ் எதுக்கு?

மாமல்லபுரத்துக்கு டூர் போகிறவர்கள் கலங்கரை விளக்கத்தில் ஏறி ஒரு செல்ஃபி எடுக்காமல் திரும்புவதில்லை. ஆனால், அதே பாறைக்குன்றில் கோபுரம் இழந்து நிற்கும் சின்னக் கோயிலை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. ஒரு காலத்தில் அந்தக் கோயில்தான் இந்த ஊரின் லைட்ஹவுஸ்!

கோயில் எப்படி லைட்ஹவுஸ் ஆனது?

8ஆம் நூற்றாண்டில் பல்லவர்கள் கட்டிய ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் அது. உழக்கெண்ணெய் ஈஸ்வரர் கோயில் என்றும் சொல்கிறார்கள். ஊரிலேயே உயரமான இடம், கடலில் இருந்து பார்த்தால் பளிச்செனத் தெரியும். இதைக் கவனித்த ஆங்கிலேயர்கள், அதன் கூரையையே விளக்குமேடை ஆக்கிக்கொண்டார்கள். மாமல்லபுரத்தில் 1887இல் விளக்கு ஏற்றப்பட்டது. பக்கத்திலேயே கட்டிய கருங்கல் கோபுரம் 1904இல் முழுமையாகச் செயல்பாட்டுக்கு வந்தது. இன்று நாம் ஏறுவது அதில்தான்.

அதற்கு முன்னால் விளக்கே இல்லையா?

இருந்திருக்கிறது. ஏணி வைத்தும் ஏறச் சிரமமான உயர்ந்த மாடத்தில் இரவில் எரியும் விளக்கு, நடுக்கடலில் இருக்கும் மரக்கலங்களைத் துறைக்கு அழைப்பதைப் பெரும்பாணாற்றுப்படை விவரிக்கிறது. நீர்ப்பெயற்று என்று அது குறிப்பிடும் துறை மாமல்லபுரம்தான் என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு இணைத்துப் பார்க்கிறார்கள். அந்த நூலைப் பாடிய நத்தத்தனாரின் ஊர் இருந்த இடைக்கழிநாடும் இதே கரையில்தான் இருக்கிறது.

மரக்காணத்துக்கு இதில் என்ன சம்பந்தம்?

தெற்கே சுமார் 35 கி.மீ. தொலைவில் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சுக்காரர்கள் 1836இல் விளக்கு ஏற்றினார்கள். இப்போது எரிவது 1979இல் வந்த புதிய கோபுரம். வடக்கே மாமல்லபுரம். நடுவில் உப்பளம், கழுவெளி, மணல்மேடு, மீனவக் குப்பங்கள் என எல்லாமே தாழ்வான கரை. பகலில் பனைமரத்தையும் கோயில் கோபுரத்தையும் அடையாளம் வைத்துக் கரை சேரலாம். இருட்டில் எந்தக் குப்பம் எங்கே இருக்கிறது என்று கடலில் இருந்து கண்டுபிடிப்பது சுலபமில்லை. இந்த இடத்தில்தான் லைட்ஹவுஸ் உதவுகிறது. ஒவ்வொரு விளக்கும் தனக்கென ஒரு கணக்கில்தான் மின்னும். எத்தனை நொடிக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணினாலே அது எந்த ஊர் எனத் தெரிந்துவிடும்.

அதான் ஜிபிஎஸ் இருக்கே?

இருக்கிறது. பெரிய கப்பல்கள் இன்று செயற்கைக்கோளை நம்பித்தான் ஓடுகின்றன. 1927ஆம் ஆண்டு லைட்ஹவுஸ் சட்டத்தை நீக்கிவிட்டு, 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த கடல்வழி உதவிகள் சட்டமும் அந்தத் தொழில்நுட்பங்களையும் சேர்த்தே பேசுகிறது. பழைய விளக்குகளைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்து, கல்விக்கும் சுற்றுலாவுக்கும் திறந்துவிட அது வழி செய்கிறது.

சுற்றுலா வருவது நல்லதுதான். ஆனால் ஃபைபர் படகில் போகிறவரின் நிலைமை வேறு. சார்ஜ் தீர்ந்தாலோ கருவி நனைந்தாலோ ஜிபிஎஸ் கை கொடுக்காது. அப்போது அவருக்கு மிஞ்சுவது கரையில் மின்னும் வெளிச்சம் மட்டுமே. அதைப் பார்க்க டிக்கெட் வேண்டாம், சிக்னல் வேண்டாம், கண் இருந்தால் போதும்.

கலங்கரை விளக்கம் பாரம்பரியச் சின்னமாகட்டும். மேலே இருக்கும் விளக்கு அணையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.