பையோடு பாய்க்கு ஒரு பயணம்

பாய் என்றதும் நம் வீட்டுப் புற்பாய்தான் உங்கள் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்த பாய், வட தாய்லாந்தின் மலைகளுக்கு நடுவே, பர்மிய எல்லைக்கு அப்படியொன்றும் தூரமில்லாத ஒரு சிற்றூர். அவர்களுடைய பாஷையில் அதே சொல்லைக் கொஞ்சம் குறுக்கி 'பை' என்று சொன்னால் 'போ' என்று அர்த்தமாம். அவ்வளவு தூரம் போக நமக்கு என்ன அலுவல் என்று கேட்பீர்கள். பல்கலைக்கழகப் படிப்பை முடித்த மகள், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு நாலு இடம் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தனியாக அனுப்ப மனமில்லை. கடைசியில் எனக்கும் ஒரு முதுகுப்பை வாங்கித் தரப்பட்டது. ஐம்பதைத் தாண்டிய வயதில் அதைச் சுமந்து நடந்த அழகை நான் சொல்லாமல் விடுவதே நல்லது.

சியங் மாய் நகரிலிருந்து வானில் மூன்று மணி நேரம். சுமார் 130 கிலோ மீற்றர்தான், ஆனால் 1095ஆம் இலக்க நெடுஞ்சாலை பாம்பு போல மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. வளைவுகள் 762 என்று சட்டைகளில் அச்சடித்தே விற்கிறார்கள். நுவரெலியா ரோட்டுக்குப் பழகியவள் என்று வீம்பு பேசிய நான், பாதி வழியில் வாயைப் பொத்திக்கொண்டேன். புறப்படும் முன் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம், முன் ஆசனம் கிடைத்தால் விடாதீர்கள், இஞ்சித் துண்டொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் ஆறு, சுற்றிலும் வயல், மூங்கில் குடில்கள், எதற்கும் அவசரப்படாத மனிதர்கள். ஷான் இனத்தார், மலைச் சாதியினர், சீன வம்சாவளியினர் என்று பலரும் கலந்து வாழ்கிறார்கள். முன்பு முதுகுப்பைக்கார வெள்ளையர் மட்டும் வந்து போன இடம். 2005இல் பெருவெள்ளம் வந்து ஆற்றோரக் குடில்களை அடித்துக்கொண்டு போனது. பிறகு மீண்டும் கட்டினார்கள். 2009இல் இந்த ஊரின் பெயரைத் தாங்கியே ஒரு தாய்லாந்துத் திரைப்படமும் வந்தது. உள்நாட்டவரும் திரண்டு வரத் தொடங்கினார்கள். இப்போது மாலையானால் கடைத்தெரு முழுவதும் சந்தைதான். அமைதியைத் தேடி வருகிறவர்களின் கூட்டமே அமைதியைக் கெடுக்கிறது என்று எனக்குப் பட்டது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதானே!

சாப்பாடு பற்றித்தான் நீங்கள் முதலில் கேட்டிருப்பீர்கள். நானும் அந்தப் பயத்தோடுதான் போனேன். பன்றி இறைச்சி எங்கும் இருக்கிறது, ஒரே தாச்சியில் எல்லாம் பொரிக்கிறார்கள். ஆனால் 'ஆஹான் இஸ்லாம்' என்று கேட்டால் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையைக் காட்டிவிடுவார்கள். பாயில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது, அதை அண்டி ஹலால் கடைகளும் இருக்கின்றன. சீனாவின் யுன்னான் மாகாணத்திலிருந்து கோவேறு கழுதைகளில் சரக்கேற்றி வந்த முஸ்லிம் வணிகர்கள் இந்த வட பகுதியில் குடியேறினார்கள். அந்த வம்சத்தார் இன்றும் இருக்கிறார்கள். 'கௌ சோய்' என்ற நூடில்ஸ் கறியை இந்தப் பக்கத்துக்குக் கொண்டு வந்தவர்கள் அவர்கள்தான் என்கிறார்கள். தேங்காய்ப்பால் ஆணத்தில் நூடில்ஸ், மேலே பொரித்த நூடில்ஸ் ஒரு பிடி, பக்கத்தில் கடுகுக்கீரை ஊறுகாய், சின்ன வெங்காயம், தேசிக்காய். முதல் வாயிலேயே நம் வீட்டுக் கோழி ஆணத்தின் ருசி தெரிந்தது. கடைக்காரப் பெண்மணியும் தலையை மூடியிருந்தார். நாங்கள் ஸலாம் சொன்னோம். அதற்கு மேல் பேச எங்களிடம் பொதுப் பாஷை இல்லை. ஆனாலும் கோப்பையில் ஆணம் குறையக் குறைய அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பாயில் பார்க்க வேண்டியவை எல்லாம் ஊருக்கு வெளியே சிதறிக் கிடக்கின்றன. வெந்நீர் ஊற்று ஒரு பக்கம், நீர்வீழ்ச்சி மறு பக்கம், செம்மண் பள்ளத்தாக்கு இன்னொரு பக்கம். எல்லாரும் மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுக்கிறார்கள். வாழ்நாளில் அதைத் தொட்டிராத பிள்ளைகளும் எடுக்கிறார்கள். முழங்காலிலும் முழங்கையிலும் பந்தனம் சுற்றிய இளைஞர்களை முதல் நாளே நாலைந்து பேரைக் கண்டேன். அந்தக் காயத்தையும் புகைக்குழாய் சுட்ட தழும்பையும் தாய்லாந்துப் பச்சை என்று கேலி பேசுகிறார்கள். பெற்றவளுக்கு அது கேலியாக இல்லை. உரிய அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடி விழுந்தால் பயணக் காப்புறுதிக்காரர்கள் சல்லிக்காசு தராமல் விடலாம். பெரிய காயமென்றால் அதே வளைவுகளில் சியங் மாய்க்குக் கொண்டு போக வேண்டும்.

"உம்மா, நாங்களும் ஒண்டு எடுப்போமா?" என்று மகள் கேட்டாள்.

முடியாது என்றேன். வாப்பாவும் புறப்படும்போதே மோட்டார் சைக்கிள் பக்கம் போக வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. பையைத் திறந்து ஒரு கடதாசியை எடுத்து நீட்டினாள். மோட்டார் சைக்கிளுக்குமான சர்வதேச அனுமதிப்பத்திரம், கொழும்பிலேயே எடுத்திருக்கிறாள்! ஊரில் மூன்று வருடமாக ஸ்கூட்டி ஓடுகிறவள், தாய்லாந்திலும் நம் நாட்டைப் போல இடப்பக்க ஓட்டம்தான். எனக்குச் சொல்ல நியாயம் அகப்படவில்லை. இரவு முழுவதும் யோசித்தேன். எங்களிடம் சொல்லாமல் எடுத்தாளே என்ற கோபம் ஒரு பக்கம். விழுந்து எழும்பிய அந்தப் பிள்ளைகள் ஒருவரும் செய்யாததை இவள் செய்திருக்கிறாளே என்ற எண்ணம் மறு பக்கம்.

காலையில் அவருக்குக் கோல் எடுத்தேன். ஒளிக்காமல் சொன்னேன். கன நேரம் சத்தமில்லை. லைன் வெட்டுப்பட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "ஹெல்மட் ரெண்டு குடுப்பாங்களா?" என்று கேட்டார். "மகள்ட்ட குடுங்க" என்றார். அவள் வெளியே போய்ப் பேசினாள். என்ன பேசினார்கள் என்று இருவரும் இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

எடுத்த உடனே வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் கெமராவில் பிடித்தாள், திருப்பிக் கொடுக்கும்போது வம்பு வராமலிருக்க. பிரேக்கைப் பார்த்தாள். பாஸ்போர்ட்டைப் பணயமாகக் கேட்டார்கள். தர முடியாது, முற்பணம் தருகிறோம் என்று மறுத்தாள். இதையெல்லாம் எங்கே படித்தாள் என்று வியந்துகொண்டே பின்னால் ஏறினேன்.

அவள் ஓடிய வேகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். துவிச்சக்கர வண்டியில் வந்த ஒரு கிழவர் எங்களை முந்திக்கொண்டு போனார். பழைய இரும்புப் பாலத்தைப் பார்த்தோம். உலகப் போரில் ஜப்பானியர் கட்டியது என்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இப்போது நிற்பது சியங் மாயில் கழற்றிய பழைய நவரத் பாலத்தைப் பின்னாளில் கொண்டு வந்து பொருத்தியது. மாலையில் பள்ளத்தாக்குக்குப் போனோம். ஒரு முழ அகல மண் வரம்பு, இரு பக்கமும் கிடுகிடு பள்ளம், பிடிக்க ஒரு கம்பியும் இல்லை. நாலடி வைத்த மகள் திரும்பி வந்து, "இது வேணாம் உம்மா" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். முதல் நாள் இரவு போன என் நித்திரை அப்போதுதான் திரும்பி வந்தது போலிருந்தது.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல்: நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல காலம், இரவில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வயலையும் காட்டையும் எரிக்கும் புகை மூடிக்கொள்ளும். இழுப்பு நோயுள்ளவர்கள் அப்போது போகவே வேண்டாம்.

திரும்பும் வழியில் சந்தையில் வாழைப்பழ ரொட்டி வாங்கினோம். மாவை வீசி விரித்து, பழத்தை மடித்து வைத்துப் பொரித்து, மேலே டின்பாலை ஊற்றித் தருகிறார்கள். பெயரும் ரொட்டிதான். ஒன்றை வாப்பாவுக்குக் கொண்டு போகலாமா என்று மகள் கேட்டாள். அது கொழும்பு வரை தாங்காது என்று சொல்லி அதையும் நாங்களே சாப்பிட்டோம்.