ரெக்கார்டுல இல்லைன்னா நடக்கவே இல்லையா?

போன பொங்கல் லீவுக்கு ஆச்சி ஊருக்குப் போயிருந்தேன். கோவில்பட்டியில இருந்து விளாத்திகுளம் பஸ்ல ஏறி, நடுவுல இறங்கி, கரிசல்காட்டு வழியா கொஞ்ச தூரம் நடக்கணும். மழை பெஞ்சிருந்தா ஒவ்வொரு செருப்பும் ஒரு கிலோ கனம் ஆயிடும். அந்த ஊர்ல தெருவுக்கு ஒரு பட்டாளத்துக்காரராவது இருப்பார். வானம் பார்த்த பூமி. மழை ஏமாத்தின வருஷம் வீட்டுக்கு ஒருத்தர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவாங்க, இன்னொருத்தர் ஆளெடுப்புக்குப் போவாங்க. தேசபக்திங்கறதெல்லாம் அப்புறமா வந்து சேர்றதுதான்.

எதிர்வீட்டுத் தாத்தா அப்படிப் போனவர். வயசு எழுபத்தஞ்சுக்கு மேல. 1971 போர்ல கிழக்குப் பக்கம் இருந்தவர். ஹவில்தாரா ரிட்டயர் ஆனார். இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார். அன்னைக்கு ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிட்டு வந்து திண்ணையில வச்சார்.

"ஏய்யா, நீ இங்கிலீசுல படிச்ச புள்ளதான? இது என்னன்னு பாரு."

எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியத்துல படிச்சதுக்கு எனக்குக் கிடைச்ச முதல் உருப்படியான வேலை அதுதான்னு நினைக்கிறேன். பெட்டிக்குள்ள டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், நாலா மடிச்ச பழுப்பு நிறக் காகிதம் ஒண்ணு. டிஸ்சார்ஜ் புக்ல பதக்கங்கள்ங்கற இடத்துல சங்கிராம் மெடல் இருக்கு, பூர்வி ஸ்டார் இருக்கு. அதாவது போர் நடந்தப்ப பணியில இருந்தார்ங்கறதும், கிழக்குப் போர்முனையிலயே இருந்தார்ங்கறதும் பதிவாகியிருக்கு. ஆனா போர்க்காயம்ங்கற இடத்துல 'இல்லை'. எதிரியோட நேருக்கு நேர் மோதி அடிபட்டவங்களுக்குத் தர்ற ஊண்ட் மெடல், இப்ப பராக்கிரம் பதக்கம்னு சொல்றாங்களே, அது இல்லவே இல்லை.

அந்தப் பழுப்புக் காகிதம் ராணுவ ஆஸ்பத்திரிச் சீட்டு. 1971 டிசம்பர் தேதி. அதுல 'ஜி.எஸ்.டபிள்யூ., லெஃப்ட் லெக்'னு கையால எழுதியிருந்தது. எனக்கும் புரியல, ஃபோனை எடுத்துத் தேடினேன். ஜி.எஸ்.டபிள்யூ.ன்னா கன் ஷாட் வூண்ட். துப்பாக்கிக் குண்டுக் காயம். ஐம்பது வருஷத்துக்கும் மேல அந்த மூணு எழுத்து அவர் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கு. அவர் அதை ஏதோ மருந்துச் சீட்டுன்னு நினைச்சுட்டு இருந்தார்.

சில வருஷம் முன்னால வேற யாரையோ வச்சு ஒரு மனு எழுதிப் போட்டிருக்கார். அதுக்கு வந்த பதிலும் பெட்டியில இருந்தது. நாலு வரி. எங்களிடம் உள்ள பதிவுகளின்படி அப்படி ஒரு குறிப்பு இல்லை, கோரிக்கை மிகவும் தாமதமானது, இத்துடன் முடித்துக்கொள்ளப்படுகிறது. நான் அதைத் தமிழ்ல படிச்சுச் சொன்னேன். "அப்ப என் கால்ல இருக்கறது யாரு காயம்?"னு கேட்டுட்டுச் சிரிச்சார்.

நீங்க கேக்கலாம், இந்த வயசுல ஒரு மெடலுக்கு என்ன அவசரம்னு. என் ரூம்மேட்டும் அதைத்தான் கேட்டான். முதல்ல, இது வெறும் பித்தளை இல்லை. போர்ல வந்த காயம்னு பதிவானா கிடைக்கிற பென்ஷன் வேற, சாதாரண ஊனம்னா கிடைக்கிறது வேற. முதலாவது கூடுதல். ரெண்டாவது, பணத்தையே விட்டுடுவோம். உங்க செமஸ்டர் மார்க் ஷீட்ல நீங்க பாஸான பேப்பருக்கு 'ஆப்சென்ட்'னு போட்டிருந்தா சும்மா இருப்பீங்களா? ரீவேல்யூவேஷனுக்கு கியூவுல நிப்போம்ல? இவர் கேக்கறதும் அதேதான். நான் ஆப்சென்ட் இல்ல, அங்கதான் இருந்தேன்.

ரெக்கார்டு தப்பாகும்னு சொன்னா ராணுவத்தைக் குறை சொல்ற மாதிரி சிலருக்குத் தோணுது. பரம் வீர் சக்கரத்துலயே அது நடந்திருக்கு. 1999 கார்கில் போர்ல டைகர் ஹில்ல ஏறின கிரெனேடியர் யோகேந்திர சிங் யாதவுக்கு அந்த விருதை அறிவிச்சப்ப, 'மறைவுக்குப் பின்'னுதான் அறிவிச்சாங்க. அவரோ உயிரோட ஆஸ்பத்திரியில படுத்திருந்தார். அதே பட்டாலியன்ல அதே பேர்ல இன்னொருத்தர் இறந்திருந்தார், குழப்பம் அங்க வந்தது. ஆள் கண் முன்னால இருந்ததால தப்பைச் சீக்கிரம் திருத்திட்டாங்க.

ஆளே திரும்பி வரலைன்னா? 'ஸ்கை ஃபோர்ஸ்' படம் 2025 ஜனவரியில வந்ததே, பார்த்திருப்பீங்க. பாட்டையும் பில்டப்பையும் கழிச்சா உள்ள ஒரு நிஜ மனுஷன் இருக்கார். ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யா. குடகுக்காரர். 1965 செப்டம்பர் 7-ஆம் தேதி பாகிஸ்தானோட சர்கோதா விமான தளத்தைத் தாக்க ஆதம்பூர்ல இருந்து மிஸ்டேர் விமானங்கள் கிளம்பிப் போச்சு. தேவய்யா ஸ்டாண்ட்பை. யாராவது விலகினாத்தான் அவருக்கு இடம். போனார், திரும்பல. காணவில்லைன்னு எழுதினாங்க, பிறகு இறந்துட்டார்னு முடிவு பண்ணாங்க. நம்ம பக்கத்து ஃபைல் அதோட மூடியாச்சு. அவர் விமானம் எப்படி விழுந்துச்சுன்னு பார்த்தவங்க நம்ம பக்கத்துல யாரும் இல்லை.

1979-ல ஜான் ஃப்ரிக்கர்ங்கற பிரிட்டிஷ் எழுத்தாளர், பாகிஸ்தான் தரப்புத் தகவலை வச்சு அந்த விமானப் போரைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார். அதுல வருது இந்த விஷயம். பாகிஸ்தானோட எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் ஒண்ணு, ஓட்டினது அம்ஜத் ஹுசைன், ஒரு மிஸ்டேரைச் சுட்டுச்சு. அது முடிஞ்சுதுன்னு நினைச்சு அவர் அடுத்ததைப் பார்க்கப் போக, அடிபட்ட மிஸ்டேர் திரும்பி வந்து ஸ்டார்ஃபைட்டரையே வீழ்த்திடுச்சு. அம்ஜத் ஹுசைன் பாராசூட்ல குதிச்சுப் பிழைச்சார். ஸ்டார்ஃபைட்டர் ஒலியை விட ரெண்டு மடங்கு வேகத்துல போற விமானம், மிஸ்டேர் ஒலி வேகத்தையே நெருங்க மூச்சு வாங்குற பழைய ரகம். மெக்கானிக்கல்காரங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டியதில்லை.

அந்த மிஸ்டேர்ல இருந்தது யாருன்னு நம்ம விமானப்படை விசாரிச்சுது. திரும்பி வராதவங்க கணக்கைப் பார்த்தா அது தேவய்யாவாத்தான் இருக்க முடியும். 1988-ல மகாவீர் சக்கரம் அறிவிச்சு, அவர் மனைவிகிட்ட கொடுத்தாங்க. 23 வருஷம். அதுல 14 வருஷம் உண்மை எதிரி நாட்டுல இருந்தது, சரி. மிச்சம் 9 வருஷம் அச்சடிச்ச புத்தகத்துல எல்லாரும் படிக்கிற மாதிரி இருந்தது. எனக்கு அந்த 14-ஐ விட இந்த 9-தான் உறுத்துது.

எதிராளி எழுதி வச்சதால நமக்குத் தெரிய வர்றது நம்ம கரிசல் சீமைக்குப் புதுசும் இல்லை. 1801-ல பாஞ்சாலங்குறிச்சியில ஊமைத்துரை எப்படிச் சண்டை போட்டார்ங்கறதுக்கு முக்கியமான சாட்சி, அவரை எதிர்த்துச் சண்டை போட்ட ஜேம்ஸ் வெல்ஷ்ங்கற கம்பெனி அதிகாரி. 1830-ல வெளிவந்த தன் ராணுவ நினைவுக் குறிப்புகள்ல ஊமைத்துரையை மதிச்சு, வியந்து எழுதியிருக்கார். வெல்ஷுக்கு எழுதுற பழக்கம் இல்லாம போயிருந்தா? தேவய்யாவுக்கு ஒரு ஃப்ரிக்கர் கிடைச்சார். எதிர்வீட்டுத் தாத்தாவுக்காக யார் புத்தகம் எழுதப் போறாங்க?

அதனால என் கருத்து இது. ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். வீரச் செயலுக்கான சக்கரம் கேக்கறது ஒண்ணு. அதுக்கு நேர்ல பார்த்த சாட்சி வேணும், மேலதிகாரி பரிந்துரை வேணும், மத்தவங்களோட ஒப்பிட்டுப் பார்க்கணும். ஐம்பது வருஷம் கழிச்சு யார் வேணும்னாலும் கேக்கலாம்னு கதவைத் திறந்து வச்சா நிஜமாவே சம்பாதிச்சவங்களுக்குத்தான் அவமானம். அங்க கால வரம்பு கடுமையா இருக்கறதை நான் ஒத்துக்கறேன். ஆனா குண்டு பட்டதா இல்லையாங்கறது கருத்து இல்லை, தகவல். அதுக்கு எப்படி எக்ஸ்பைரி டேட் போட முடியும்? 'தாமதம்'ங்கற ஒரே வார்த்தையால ரெண்டு கதவையும் சேர்த்துப் பூட்டுறதுதான் தப்பு.

அமெரிக்காவுல ராணுவப் பதிவுகளைத் திருத்துறதுக்குன்னே தனி வாரியங்கள் இருக்கு. தப்பு தெரிஞ்சதுல இருந்து மூணு வருஷத்துக்குள்ள கேக்கணும்னு விதி, ஆனா நியாயத்துக்காக அந்த வரம்பைத் தளர்த்த வாரியத்துக்கே அதிகாரம் உண்டு. அங்கயும் எல்லாம் ஒழுங்குன்னு சொல்ல வரல. 1973-ல செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்துல தீப்பிடிச்சு, ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேல ஃபைல் போச்சு. ரெண்டாம் உலகப்போர்ல சண்டை போட்ட கறுப்பின வீரர்கள்ல ஒருத்தருக்குக்கூட அப்ப மெடல் ஆஃப் ஹானர் தரல. ஆனா 1990-கள்ல அவங்க ராணுவமே ஆள் வச்சு ஆராய்ஞ்சு, 1997-ல ஏழு பேருக்குக் கொடுத்தாங்க. அதை வாங்க உயிரோட இருந்தது வெர்னன் பேக்கர் ஒருத்தர்தான். ரொம்ப லேட்டுதான். ஆனா மனு போட்டவனை நிரூபிக்கச் சொல்லாம, ராணுவமே தேடிப் போச்சு பாருங்க, அது இங்க வேணும்.

நம்ம ஊர்ல கோர்ட்டு வழியே இல்லைன்னு இல்லை. 2007 சட்டப்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வந்துச்சு, சென்னையிலயே ஒரு அமர்வு இருக்கு. கார்கில் போர்ல, நம்ம மேஜர் சரவணன் உயிர் விட்ட அதே படாலிக் பகுதியில, 70-வது காலாட்படை பிரிகேடை நடத்தினவர் பிரிகேடியர் தேவிந்தர் சிங். அவருக்குக் கிடைச்சது விசிஷ்ட சேவா பதக்கம், அது போர்முனைப் பதக்கம் இல்லை. அவர் போட்ட வழக்குல 2010 மே மாசம் தீர்ப்பாயம், மேலதிகாரி அவரைப் பத்தி எழுதினது பாரபட்சமானதுன்னு சொல்லி, ராணுவத்தோட போர் வரலாற்றையே திருத்தச் சொல்லுச்சு. ஆக, திருத்த முடியும். ஆனா அவர் பிரிகேடியர். டெல்லியில வக்கீல் வைக்கத் தெரியும். ஹவில்தாருக்குச் சென்னைக்கு பஸ் டிக்கெட்டே ஒரு யோசனை.

சரி, நாங்க என்ன பண்ணோம்னு சொல்லிடறேன். முதல்ல பத்து ரூபாய் ஆர்.டி.ஐ. தாத்தாவோட பணிப் பதிவு முழுசுக்கும் நகல் கேட்டிருக்கோம். அடுத்து, மறுபடியும் ஒரு மனு. இந்தத் தடவை 'எனக்கு மெடல் தாருங்கள்'னு எழுதல. 'இணைப்பில் உள்ள ஆஸ்பத்திரிச் சீட்டை, அந்தத் தேதியின் ஆஸ்பத்திரிப் பதிவேட்டோடும் யூனிட்டின் காயம்பட்டோர் பட்டியலோடும் ஒப்பிட்டு, முடிவை எழுத்தில் தெரிவிக்கவும்'னு கேட்டிருக்கோம். இல்லைன்னு சொன்னாலும் எதைப் பார்த்துட்டு இல்லைங்கறாங்கன்னு தெரியணும்ல. தூத்துக்குடியில இருக்கற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு காப்பி. இங்கிலீஷ் நான் எழுதினேன். 'யுவர் ஒபீடியன்ட் சர்வன்ட்'னு முடிக்கச் சொன்னார், பட்டாளத்துல அப்படித்தானாம். நான் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' போட்டேன். அதுக்கே பத்து நிமிஷம் சண்டை.

உங்க தெருவுலயும் ஒரு பட்டாளத்துத் தாத்தா இருப்பார். அடுத்த லீவுக்குப் போறப்ப டிஸ்சார்ஜ் புக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்க. பதக்கங்கள், காயம், எந்தப் போர்முனை, இந்த மூணு இடத்தையும் படிங்க. புரியாத சுருக்கெழுத்து எதுவா இருந்தாலும் ஃபோன்ல தேடுங்க. உடனே எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வைங்க, கரிசல் மண் வீட்டுல கரையானுக்கு நம்மை விடப் படிப்பு அதிகம்.

ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பறதுக்கு முன்னாடி தாத்தா கேட்டார், "போட்டோ வைக்கணுமாய்யா?"ன்னு. பாஸ்போர்ட் சைஸ் போதும் தாத்தான்னு சொன்னேன். "மூஞ்சி இல்லடே, காலு."

எடுத்தோம். இணைப்பு 4-ல இருக்கு. பதில் இன்னும் வரல.