களைப்பா? மானமா?

அமெரிக்கக் கறுப்பு மக்களின் விடுதலையைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர், "ரோசா பார்க்ஸ் என்னும் தையற்காரி, வேலை செய்த களைப்பினால் பஸ்ஸில் இடம்விட மறுத்தாள், உரிமை வந்துவிட்டது" என்று கதையை முடித்து விடுகிறார்கள். இது அந்த அம்மையாருக்கும், அவரோடு கஷ்டப்பட்ட பல ஆயிரம் பேருக்கும் செய்யும் பெரிய அநியாயம் என்பதே நமது அபிப்பிராயம்.

சங்கதி என்ன? அலபாமா மாகாணத்து மாண்ட்கமரி நகரத்துப் பஸ்களில் முன்வரிசைகள் வெள்ளையருக்கே உரியவை. அவை நிரம்பிவிட்டால், நடுவரிசையில் இருக்கும் கறுப்பரும் எழுந்து நிற்க வேண்டும். முன்வாசலில் காசு கொடுத்து, கீழே இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏறும்படியும் அவர்களை விரட்டுவார்கள். ஆனால் கொடுத்த காசுக்கு மாத்திரம் தீட்டு இல்லை! பிரயாணிகளில் சுமார் முக்கால் பங்கினர் கறுப்பர்களே. அதாவது, தங்களை அவமானப்படுத்துவதற்குத் தாங்களே கூலி கொடுத்து வந்தார்கள்.

1955 டிசம்பர் 1ந் தேதி கைதான ரோசா பார்க்ஸுக்கு வயது 42. 1943 முதலே கறுப்பர் உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் காரியதரிசியாய் உழைத்தவர். தமக்கு அன்று உடம்புக் களைப்பில்லை என்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். அதே வருஷம் மார்ச்சில் 15 வயதுச் சிறுமி கிளாடெட் கோல்வினும் இடம்விட மறுத்துக் கைதானாள். ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை இரவோடிரவாகப் பல்லாயிரம் துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டார். டிசம்பர் 5ந் தேதி பகிஷ்காரம் தொடங்கிற்று.

அது நடந்தது ஒரு நாளா, இரண்டு நாளா? 381 நாள்! சமையற்காரிகளும் கூலியாட்களும் மைல் கணக்காய் நடந்தார்கள். சுமார் 300 கார்கள் ஆள் ஏற்றிச் சென்றன. தலைமை வகித்த மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் 1956 ஜனவரியில் வெடிகுண்டு வைத்தார்கள். தலைவர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். ஜனங்கள் பஸ் ஏறவில்லை. கோல்வின் உட்பட நான்கு பெண்கள் தொடுத்த வழக்கில், 1956 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டம் செல்லாது என்றது. டிசம்பர் 21ந் தேதி விரும்பிய இடத்தில் உட்கார்ந்து போனார்கள்.

கூட்டங்கள் மாதா கோவில்களில் நடந்தன. கிங்கும் ஒரு பாதிரியாரே. இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் கோவிலில் ஜெபம் செய்துவிட்டு, வெளியே வந்து பழையபடி பஸ் ஏறியிருந்தால், கம்பெனிக்கு ஒரு காசு நஷ்டமாகியிருக்குமா? கர்த்தர் கோர்ட்டில் வாதாடியிருப்பாரா?

ஒரு தையற்காரியின் களைப்பால் எல்லாம் நடந்தது என்றால், கேட்கிறவன் அப்படி ஒருவர் வரட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பான். ஆதலால் இச்சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறவர்கள், அச்சிட்டவரையும், நடந்தவர்களையும், வழக்காடிய பெண்களையும் சேர்த்தே சொல்ல வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறோம்.